அக்கா மகளுக்கு டைப் 1 – பன்னி ஐலெட் வச்சா இன்சுலின் நின்னுருமாம், ஆனா அதுக்கப்புறம் என்ன மாத்திரை போடணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஆத்தங்குடி டைல்ஸ்காரன்

வணக்கம். ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறை வச்சிருக்கேன், படிப்பு பத்தாவதோட சரி, தப்பா எழுதியிருந்தா திருத்துங்க. எங்க அக்கா மகளுக்கு இப்ப 22 வயசு, 9 வயசுல டைப் 1 சுகர்னு சொன்னாங்க, அன்னையில இருந்து நாளைக்கு நாலு ஊசி, காரைக்குடியில காலேஜ் முடிச்சு இப்ப வீட்ல இருந்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்குது. மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருக்கோம், அங்கதான் சிக்கலே, ஜாதகம் பொருந்துது போட்டோ பிடிக்குது ஊசின்னதும் போன் எடுக்க மாட்டேங்குறாக.

இந்த நேரம் பாத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வேர்டு வந்துச்சு, பன்னியோட கணையத்துல இருந்து ஐலெட்டுன்னு ஒரு செல்லு எடுத்து மனுசன் ஈரல்ல விட்டா இன்சுலினே வேணாமாம். அய்த்தான் அதைப் புடிச்சுக்கிட்டு ஒரு ஏஜென்ட்டு நம்பரை எங்கயோ வாங்கிட்டாரு. அந்தாளு 8 லட்சம் ஆகும், ஒரே தடவை, ஊசிக்கு டாட்டா சொல்லிரலாம்னு பேசுறான். உள்ள விட்ட செல்லை உடம்பு ஏத்துக்குமாண்டு நான் கேட்டேன். அதுக்கு ஒரு சின்ன மாத்திரை இருக்கு சார், கொஞ்ச நாளு போட்டா போதும்னு சொன்னான். அந்த "சின்ன மாத்திரை"யிலதான் எனக்கு இடறுது. எங்க தொழில்ல கண்ணாடி மேல கலர் ஊத்தி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி எடுக்குறப்ப எல்லாக் கல்லும் பளபளன்னுதான் இருக்கும், தண்ணித் தொட்டியில கெடந்து வெளிய வந்தாத்தான் எது விரிஞ்சிருக்கு எது நிக்கும்னு தெரியும். அதனால முன்னாடி நடக்குறதை விட, பின்னாடி என்ன மாத்திரை, எத்தனை நாளு, உடம்பை என்ன பண்ணும், இதைத் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பன்னின்னதும் எங்கம்மா சாமி வீட்டுப் பக்கம் போய் உக்காந்துட்டாக, அது தனி ரோதனை.

---

புதுவயல் மெடிக்கல்

அண்ணே, அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. 1921ல கனடாவுல இன்சுலின் கண்டுபுடிச்சதுக்கு அப்புறம் 60 வருசம் உலகம் முழுக்க சுகர்காரங்க போட்டது மாட்டு இன்சுலினும் பன்னி இன்சுலினும்தான். மனுச இன்சுலினை பாக்டீரியாவுல செஞ்சு மார்க்கெட்டுக்கு அனுமதி வாங்குனதே 1982ல. பன்னி இன்சுலினுக்கும் நம்ம இன்சுலினுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலம், மாட்டோடதுல மூணு. எங்கப்பா கடையை நடத்துன காலத்துல விலங்கு இன்சுலின் பாட்டில் ஐஸ் பெட்டியில இருக்கும், யாரும் சாமி வீட்டுப் பக்கம் போனதில்ல 😀

மாத்திரை விசயத்துல நீங்க சந்தேகப்பட்டது சரி. அது சின்ன மாத்திரைதான், சைஸ்ல மட்டும். என் கடையில அதை வாங்க மாசாமாசம் வர்ற ஒருத்தர் தேவகோட்டைக்காரர், இந்தத் தளத்துல அவரும் இருக்காரு, அவரைக் கூப்பிடுறேன்.

---

எட்டுமணி அலாரம்

கூப்பிட்டாச்சு வந்தாச்சு. எனக்கு வயசு 51, தேவகோட்டை, கிட்னி மாத்தி 6 வருசம் ஆச்சு, குடுத்தது என் வீட்டுக்காரி. ஐலெட்டு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா மாத்திரை பத்தி என்னைய விட்டா ஆளு இல்ல.

காலையில 8, ராத்திரி 8, ரெண்டு வேளையும் டாக்ரோலிமஸ், வேத்துக் கிட்னியை உடம்பு எதிர்க்காம இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரை. அதோட மைகோஃபினோலேட், அப்புறம் பிரெட்னிசோலோன்னு ஸ்டீராய்டு. எட்டுன்னா எட்டுதான், கல்யாண வீட்ல பந்தியில உக்காந்திருந்தாலும் எந்திரிச்சுருவேன். ரத்தத்துல அந்த மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்கணும், எனக்கு 5க்கும் 10க்கும் நடுவுல நிக்கணும்னு வச்சிருக்காக, குறைஞ்சா உடம்பு கிட்னியைக் கடிச்சுரும், கூடுனா அந்த மருந்தே கிட்னியைக் கெடுத்துரும், காப்பாத்த வந்தவனே கழுத்தைப் புடிக்கிற கதை. அந்த டெஸ்ட்டை காலை மாத்திரை போடுறதுக்கு முன்னாடி எடுக்கணும், அதனால மாத்திரையை சட்டைப் பையில வச்சுக்கிட்டு விடிகாலை பஸ்ல மதுரைக்குப் போவேன், ஒருதடவை மேலூர்ல பஸ் நின்னப்ப டீயோட பழக்க தோசத்துல முழுங்கிட்டேன், அன்னைக்குப் போனது முழுக்க வேஸ்ட்டு, நர்ஸம்மா திட்டுன திட்டு இன்னும் காதுல இருக்கு.

ஆரம்பத்துல கை நடுக்கம், டீ கிளாஸை ரெண்டு கையாலயும் புடிப்பேன். மூணாவது வருசம் விலாவுல அக்கி வந்துச்சு, நான் பழைய புத்தியில காவியில அக்கி எழுதிட்டு ரெண்டு நாளு சும்மா கெடந்துட்டேன், டாக்டர் பாத்துட்டு உனக்கு இருக்குற எதிர்ப்பு சக்தியே பாதிதான்யா, நீயி இப்படி உக்காந்திருக்கலாமான்னு கேட்டாரு. பம்ளிமாஸ் பழம் தொடக்கூடாது, மருந்து அளவு ரத்தத்துல ஏறிரும். பூஞ்சைக்கு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக், வலிப்பு மாத்திரை, டிபி மாத்திரை எதைப் போட்டாலும் இந்த அளவு ஏறும் இல்ல இறங்கும், அதனால சளிக்குக் கூட கேக்காம ஒண்ணும் வாங்கமாட்டேன். சிராவயல் மஞ்சுவிரட்டு கூட்டத்துக்குப் போயி 6 வருசமாச்சு, டிவியிலதான்.

முக்கியமானதைக் கடைசியில சொல்றேன். எனக்கு முன்னாடி சுகரே கெடையாது தம்பி. ஆபரேசன் முடிஞ்ச அஞ்சாவது மாசம் சுகர் 280. ஏன்னு கேட்டா ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சேந்தா அப்படி ஆகும், நிறைய பேருக்கு வருதுன்னு சொன்னாக. இப்ப நானும் ஊசி போடுறேன். நீங்க இன்சுலினை நிறுத்துறதுக்கு இந்த மாத்திரையா போடப் போறீக?

---

ஆத்தங்குடி டைல்ஸ்காரன்

அண்ணே கடைசி வரியைப் படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். சுகரைப் போக்க செல்லு வைக்கணும், செல்லைக் காப்பாத்த மாத்திரை போடணும், மாத்திரையால சுகர் வரும். இது எப்படிங்க வைத்தியம் ஆகும்?

---

இயற்கை வழி

ஆவாரம்பூ கஷாயம் 48 நாள் வெறும் வயித்துல குடிங்க. எல்லா சுகரும் ஓடும். இங்கிலீஷ் மருந்து கம்பெனி சதி.

---

புதுவயல் மெடிக்கல்

அய்யா சாமி, டைப் 1 புள்ளை இன்சுலினை நிறுத்துனா 48 நாள் இல்ல, 4 நாள் கூட தாங்காது, ரத்தத்துல அமிலம் ஏறி ஐசியுதான். ஆவாரம்பூவை டீயா குடிங்க நல்லாருக்கும், ஊசியை நிறுத்தச் சொல்லாதீக.

---

கானாடுகாத்தான் லேப்

டைல்ஸ் அண்ணே, நான் கானாடுகாத்தான் பொண்ணு, இம்யூனாலஜியில பிஎச்டி முடிச்சுட்டு இப்ப வெளிநாட்டுல ஒரு லேப்ல வேலை பாக்குறேன். நீங்க கேட்டீங்களே "இது எப்படி வைத்தியம் ஆகும்"னு, இந்தத் துறையே 30 வருசமா அந்தக் கேள்வியோடதான் மல்லுக்கட்டுது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல மனுச ஐலெட்டை எடுத்துக்குவோம். கணையத்துல 100ல 1, 2 பங்குதான் இந்த ஐலெட், மிச்சமெல்லாம் ஜீரண நீர் சுரக்கிற வேலை. 2000ல கனடாவுல எட்மண்டன்ங்கிற ஊர்ல ஜேம்ஸ் ஷபிரோங்கிறவரோட டீம் 7 பேருக்கு ஈரலுக்குப் போற ரத்தக்குழாய் வழியா ஐலெட் விட்டாங்க, 7 பேரும் ஊசியை நிறுத்துனாங்க. அதுக்கு முன்னாடி செஞ்சவங்க பெரும்பாலும் ஏன் தோத்தாங்க, இவங்க ஏன் ஜெயிச்சாங்கன்னா, இவங்க ஸ்டீராய்டைத் தூக்கிட்டாங்க. டாக்லிசுமாப், சிரோலிமஸ், குறைஞ்ச அளவு டாக்ரோலிமஸ், எதிர்ப்பை அடக்க இந்த மூணுதான். ஒரு ஆளுக்கு ஒரு கணையம் பத்தல, உடம்பு எடையில கிலோவுக்கு 10,000 ஐலெட்டுக்கு மேல தேவைப்பட்டுச்சு, ரெண்டு மூணு டோனர். ஆனா அஞ்சு வருசம் கழிச்சுப் பாத்தா ஊசி இல்லாம இருந்தவங்க 10 பேர்ல ஒருத்தர்தான். 10ல 8 பேருக்கு செல் கொஞ்சமாவது உயிரோட இருந்துச்சு, சுகர் திடீர்னு இறங்கி மயங்குறது குறைஞ்சுச்சு, அது சும்மா இல்ல. அதுக்கு அவங்க குடுத்த விலை வாய்ப்புண், கால் வீக்கம், கிட்னி மெதுவா தேயுறது.

அலாரம் அண்ணே சொன்னது அதேதான். டாக்ரோலிமஸ் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்லையே அமுக்குது. அதுவும் மாத்திரை குடல்ல கரைஞ்சு முதல்ல ஈரலுக்குத்தான் போகும், ஐலெட் உக்காந்திருக்கறதும் ஈரல்லதான், மருந்தோட முழு வேகமும் அதுக மேலதான் விழும்.

(ஒரு சின்ன விசயம், மண்ணோட பொழங்குற ஆளு நீங்க, ரசிப்பீங்கன்னு சொல்றேன். டாக்ரோலிமஸ் 1984ல ஜப்பான்ல சுகுபாங்கிற ஊர் மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிர்ல இருந்து எடுத்தது. சிரோலிமஸ் 1964ல ஈஸ்டர் தீவுல தோண்டி எடுத்த மண்ணுல இருந்து. அதுக்கும் முன்னாடி வந்த சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணுல இருந்த பூஞ்சை. மூணுமே மண்ணு குடுத்த மருந்து.)

இப்ப பன்னிக்கு வருவோம். மனுச டோனர் கிடைக்கல, பன்னி எத்தனை வேணா கிடைக்கும், அதான் ஆசை. 1990ல இருந்து 93 வரைக்கும் ஸ்வீடன்ல 10 பேருக்குப் பன்னிக் கருவோட ஐலெட்டை வச்சாங்க, 4 பேரோட சிறுநீர்ல பன்னி சி-பெப்டைட் (இன்சுலின் சுரக்குறப்ப கூடவே வர்ற துண்டு) 200 நாளுக்கு மேல தெரிஞ்சுச்சு, அதாவது செல் பொழைச்சுச்சு, ஆனா ஒருத்தர் கூட இன்சுலினைக் குறைக்க முடியல.

ஏன்னு புரிய நம்ம ஊரு வீட்டை நெனச்சுக்கோங்க. முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டு. பக்கத்து வீட்டு மனுசன் வந்தா முகப்புல யாரும் தடுக்கமாட்டாங்க, வளவுக்குள்ள வந்ததும்தான் யாருப்பா நீயின்னு விசாரணை, மனுச ஐலெட்டுக்கு நடக்குறது அது. பன்னி செல்லு வந்தா திண்ணையிலயே அடி விழும். பன்னி செல் மேல ஆல்ஃபா கால்னு ஒரு சர்க்கரை இருக்கு, நமக்கு அது கிடையாது, அதனால நாம பொறந்த கொஞ்ச மாசத்துலயே அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயாராகி ரத்தத்துல எப்பவும் சுத்திக்கிட்டு இருக்கும். அது ஒட்டுன உடனே காம்ப்ளிமென்ட்னு ஒரு புரோட்டீன் கூட்டம் வந்து செல்லைப் பொத்தல் போட்டுரும். ரத்தத்துல நேரா விட்டதால ரத்தம் உறைஞ்சு கட்டியும் ஆகும், முதல் சில மணி நேரத்துலயே கணிசமான ஐலெட் போயிரும். அதைத் தாண்டி பொழைச்சது வளவுக்குள்ள போனா, வேத்து செல்லைத் தேடி அடிக்கிற டி செல்லு காத்திருக்கும். டாக்ரோலிமஸ் மாதிரி வழக்கமான மாத்திரை டி செல்லைத்தான் அடக்கும், திண்ணையில இருக்கறவனை ஒண்ணும் செய்யாது, டி செல்லுமே பன்னி விசயத்துல ரொம்ப வேகமா இருக்கும், அடங்காது.

2006ல அமெரிக்காவுல ரெண்டு டீம், மின்னசோட்டா, எமரி பல்கலைக்கழகங்கள்ல, பன்னி ஐலெட் வச்ச சுகர் குரங்கை 100 நாளுக்கு மேல ஊசியில்லாம வச்சாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்த மருந்து சிடி 154க்கு எதிரான ஆன்டிபாடி. டி செல் சண்டைக்குப் போக ரெண்டு சாவி வேணும், கல்லாப்பெட்டிக்கு முதலாளி ஒண்ணு கணக்கப்பிள்ளை ஒண்ணு வச்சிருப்பாங்களே அது மாதிரி. முதல் சாவி எதிரியை அடையாளம் பாக்குறது, ரெண்டாவது சாவி இந்த சிடி 154. அதைப் புடுங்கிட்டா டி செல் பாக்கும், ஆனா ஒண்ணும் பண்ணாது. 2015ல கொரியாவுல சியோல் தேசியப் பல்கலைக்கழக டீம் இதே சாவியைப் புடுங்கி ஒரு குரங்கை 603 நாள் வரைக்கும் கொண்டு போனாங்க. ஆனா கூட என்னென்ன குடுத்தாங்க பாருங்க, டி செல்லை அழிக்கிற குளோபுலின், சிரோலிமஸ், வீக்கத்தைத் தடுக்க அடலிமுமாப், அதுக்கும் மேல காம்ப்ளிமென்ட்டைத் தீத்துக்கட்ட நல்லபாம்பு விசத்துல இருந்து எடுத்த ஒரு புரோட்டீன். சின்ன மாத்திரை இல்ல அண்ணே, ஒரு மருந்துக்கடை.

அப்ப அந்த சிடி 154 மருந்தை மனுசனுக்குக் குடுத்தா என்னன்னு கேப்பீங்க. 90கள்லயே குடுத்துப் பாத்தாங்க, ரத்தம் கட்டி அடைப்பு வந்துச்சு, நிறுத்திட்டாங்க. அந்த சாவி ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் மேலயும் இருக்கு, ஆன்டிபாடியோட வால் பக்கம் பிளேட்லெட்டைச் சேத்துக் கட்டிருச்சு. இப்ப வாலை மாத்தி செஞ்சிருக்காங்க, டெகோப்ருபார்ட்னு பேரு. 2024 மார்ச்ல பாஸ்டன்ல உயிரோட இருந்த ஒருத்தருக்கு முதல்முறையா பன்னி கிட்னி வச்சாங்களே, அதுல இதுவும் காம்ப்ளிமென்ட்டை அடக்குற ரவுலிசுமாபும் சேந்த கலவைதான். அந்தப் பன்னியோட ஜீன்ல 69 இடத்துல திருத்தம் செஞ்சிருந்தாங்க, ஆல்ஃபா கால் சர்க்கரையை எடுத்துட்டாங்க. சிகாகோவுல மனுச ஐலெட்டுக்கே டாக்ரோலிமஸ் இல்லாம இந்த மருந்தை வச்சு ட்ரையல் ஓடுது, ஆரம்ப ரிசல்ட் நல்லாருக்கு, ரொம்ப சின்ன எண்ணிக்கை.

ஆக உங்க கேள்விக்கு என் பதில்: பன்னி ஐலெட்டுக்கு "இந்த மாத்திரை, இத்தனை நாளு"ன்னு முடிவான ஒரு முறை மனுசனுக்கு இன்னும் வரல. வந்திருந்தா அந்த ஏஜென்ட்டுக்கு முன்னாடி எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

---

ஆத்தங்குடி டைல்ஸ்காரன்

தங்கச்சி, மூணு தடவை படிச்சேன், திண்ணை உதாரணத்துல வெளங்கிருச்சு. மாத்திரையே வேணாம், செல்லை ஏதாச்சும் பையில போட்டு மூடி வைக்க முடியாதா? சிமெண்டு மூட்டையை தார்ப்பாய் போட்டு மூடுற மாதிரி. கேணத்தனமா இருந்தா விட்டுருங்க.

---

கானாடுகாத்தான் லேப்

கேணத்தனம் இல்லண்ணே, அதுக்குன்னே தனிக் கூட்டம் இருக்கு. ஆல்ஜினேட்னு ஒரு வழவழப்பு, கடல்பாசியில இருந்து எடுக்கறது, மண்டபம் ராமேஸ்வரம் பக்கம் பொம்பளைங்க கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்கி எடுக்குறாங்களே அந்த மாதிரி பாசிதான் மூலப்பொருள். சீயத்துக்குள்ள பூரணம் மாதிரி ஐலெட்டை அதுக்குள்ள வச்சு உருட்டிருவாங்க. சர்க்கரையும் ஆக்ஸிஜனும் உள்ள போகும், இன்சுலின் வெளிய வரும், ஆன்டிபாடியும் டி செல்லும் நுழைய முடியாது. நியூசிலாந்துல ஒரு கம்பெனி எதிர்ப்பை அடக்குற மருந்தே இல்லாம இப்படிப் பன்னி ஐலெட்டை மனுசங்களுக்கு வயித்துக்குள்ள வச்சு ட்ரையல் நடத்துச்சு. பெரிய ஆபத்து வரல. ஆனா ஊசியை நிரந்தரமா நிறுத்துற அளவுக்கு வேலையும் செய்யல. நாளாக நாளாக உடம்பு அந்த உருண்டை மேல தழும்பு மாதிரி ஒரு தோல் போத்திருது, உள்ள இருக்குறது மூச்சு முட்டி செத்துருது.

பன்னிக்குப் போட்டியா இன்னொரு ரூட்டும் வேகமா வருது, அது ஸ்டெம் செல்லுல இருந்து வளத்த மனுச ஐலெட். 2025ல வந்த ரிசல்ட்ல முழு டோஸ் வாங்குன 12 பேர்ல 10 பேருக்கு ஒரு வருசத்துல ஊசி தேவைப்படல. ஆனா அதுக்கும் எதிர்ப்பை அடக்குற மாத்திரை உண்டு, உண்டு, உண்டு. ஸ்வீடன்ல ஒரே ஒருத்தருக்கு ஜீனைத் திருத்துன மனுச ஐலெட்டை முன்கை தசையில வச்சு மாத்திரையே இல்லாம செல்லு பொழைச்சிருக்கு, குறைஞ்ச அளவுதான் வச்சாங்க, அவரு இன்னும் ஊசி போடுறாரு. நான் ராத்திரி தூங்காம படிச்சது அந்தப் பேப்பர்தான்.

இன்னொண்ணு, பன்னி செல் வாங்குன ஆளை ஆயுசு முழுக்க கண்காணிக்கணும், ரத்த சாம்பிள் எடுத்து வச்சுக்கிட்டே இருக்கணும்னு விதிமுறை சொல்லுது. பன்னி ஜீனுக்குள்ளயே ஒரு வைரஸ் ஒளிஞ்சிருக்கு, இதுவரைக்கும் மனுசனுக்குப் பரவுனதா ஒரு கேஸும் இல்ல, ஆனா எதிர்ப்பு சக்தியை அமுக்கி வச்சிருக்குற உடம்புல பரவாதுன்னு யாரும் கையெழுத்துப் போடமாட்டாங்க. உங்க ஏஜென்ட்டு அந்தக் கண்காணிப்பைப் பத்தி ஏதாவது சொன்னானா?

---

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, எல்லாரும் மருந்து பேசிட்டாக, நான் பொண்ணைப் பத்திப் பேசுறேன். எனக்கு சொந்த ஊரு பள்ளத்தூர், இப்ப சென்னையில இருக்கோம், என் மகளுக்கும் டைப் 1, வயசு 27, கல்யாணம் ஆகி கையில ஒரு பையன் இருக்கான்.

ஏன் இந்த வயசுல, கல்யாணத்துக்கு முன்னாடியே பண்ணனும்னு நிக்கிறீக? மாப்பிள்ளை வீட்டுக்காக. அப்ப இதைக் கேளுங்க. மேல அலாரம் தம்பி போடுறாரே மைகோஃபினோலேட், அதைச் சாப்பிடுறப்ப கர்ப்பம் ஆனா கரு கலையலாம், இல்லன்னா புள்ளைக்குக் குறை வரலாம், டாக்டருக கண்டிப்பா சொல்லுவாக. சிரோலிமஸும் அப்ப ஆகாது. கல்யாணம் நடக்கணும்னு ஒரு மருந்தை ஆரம்பிச்சு, கல்யாணம் ஆன மறுவருசம் ஏன் இன்னும் விசேஷம் இல்லன்னு அதே வாயி கேக்கும், அப்ப என்ன பதில் சொல்லுவீக? நல்ல கன்ட்ரோல்ல இருக்குற டைப் 1 புள்ளைக இன்சுலினோட பெத்து எடுக்குறாக, என் மகளே சாட்சி.

இன்னொண்ணும் கேட்டேன் எங்க டாக்டர்கிட்ட. 2023ல அமெரிக்காவுல மனுச ஐலெட்டுக்கு அனுமதி குடுத்தாங்களே, அதுவே எல்லா டைப் 1க்கும் இல்லையாம். எவ்வளவு பாத்தாலும் சுகர் மறுபடி மறுபடி படுபயங்கரமா இறங்கி ஆளு விழுந்துர்றாங்களே, அவுகளுக்கு மட்டுந்தானாம். வேற சில நாட்டுல ஏற்கனவே கிட்னி மாத்தி மாத்திரை போட்டுக்கிட்டு இருக்குற டைப் 1 ஆளுகளுக்கும் வைக்கிறாகளாம், அவுகளுக்குப் புதுசா இழக்க ஒண்ணுமில்லையே. உங்க பொண்ணு அந்த மாதிரி விழுதா? ராத்திரி வேர்த்து எழுப்பினாலும் எந்திரிக்காம கெடக்குதா? இல்லன்னா அந்த 8 லட்சத்தை அப்படியே வச்சு, சுகர் அளவைக் காட்டுற, கையில ஒட்டுற சென்சார் வாங்கிக் குடுங்க, எத்தனை வருசத்துக்கு ஓடும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

ஏஜென்ட்டு கதை எங்களுக்கும் நடந்துச்சு, நாலு வருசம் முன்னாடி ஒரு ஊர்ல ஸ்டெம் செல்லுன்னு 3 லட்சம் கட்டிட்டு, ஊசியில என்ன போட்டாங்கன்னே தெரியாம வந்தோம், சுகர் ஒரு புள்ளி குறையல. ட்ரையல்னா சேர்றவங்ககிட்ட காசு வாங்கக் கூடாது, காசு கேட்டாலே அது ட்ரையல் இல்லன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. ட்ரையல் பதிவு நம்பர் கேளுங்க, எதிக்ஸ் கமிட்டி கடிதாசி கேளுங்க, எதிர்ப்பை அடக்க என்ன மருந்து எத்தனை மாசம்னு எழுதிக் கேளுங்க.

---

ஆத்தங்குடி டைல்ஸ்காரன்

ஆச்சி, நீங்க சொன்ன மாதிரியே நேத்து சாயங்காலம் அய்த்தானை பக்கத்துல உக்கார வச்சு ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன். மருந்து பேரு என்னன்னு கேட்டேன், இம்யூனிட்டி மாத்திரைன்னான். இம்யூனிட்டியைக் கூட்டுறதா குறைக்கிறதான்னு கேட்டேன், கூட்டுறதுன்னான்! அலாரம் அண்ணன் 6 வருசமா படுற பாட்டைப் படிச்சுட்டு வந்தவன்கிட்ட. பதிவு நம்பர் கேட்டதும் சிக்னல் சரியில்ல சார்னு கட் பண்ணிட்டான், அப்புறம் எடுக்கல. அய்த்தான் ஒரு வார்த்தை பேசல, வண்டியை எடுத்துக்கிட்டு கோவிலூர் பக்கம் போனவரு ராத்திரிதான் வந்தாரு.

கீழ இருக்குறது அக்கா மக டைப் பண்றது, போனைக் குடுத்துட்டேன்.

வணக்கம், நாந்தான் அந்த "பொண்ணு". மாமா என்னைக் கேக்காமலே இவ்வளவு பெரிய த்ரெட் போட்டிருக்கு, கோவம் வந்துச்சு, படிச்சதும் போயிருச்சு. நான் விழறதெல்லாம் இல்ல ஆச்சி, 70க்கு வந்தா கை உதறும் கடலை மிட்டாய் சாப்பிட்டுருவேன். ஊசி எனக்குப் பிரச்சினையே இல்ல, ஊசி போடுறப்ப அம்மா கதவைச் சாத்துறதுதான் பிரச்சினை. அடுத்து வர்ற வரன்கிட்ட முதல் போன்லயே நானே சொல்லப் போறேன்னு சொல்லிட்டேன், அம்மா இன்னும் சரின்னு சொல்லல. சென்சார் வாங்குறதா இருந்தா எது நல்லா ஒட்டும்னு சொல்லுங்க, இங்க வெயிலுக்கும் வேர்வைக்கும் ஒரு வாரம் நிக்குமா?

அப்புறம் லேப் அக்கா, அம்மாச்சி ஒண்ணு கேக்கச் சொன்னாக. பன்னி கூடப் பரவால்லையாம், அந்த நல்லபாம்பு விச சமாச்சாரம் நெசமான்னு கேக்குறாக. வீட்டுப் பின்னாடி புத்துக்குப் பால் ஊத்துறவுக.

---

கானாடுகாத்தான் லேப்

நெசம்தான்மா, ஆனா குரங்குக்கு மட்டும். கொல்ற பாகத்தைப் பிரிச்சு எடுத்துட்டு ஒரே ஒரு புரோட்டீனை மட்டும் வச்சுக்குவாங்க, அது காம்ப்ளிமென்ட்டை வீணா செலவழிக்க வச்சு தீத்துரும். மனுசனுக்கு அதைக் குடுக்குறதில்ல, வேற மருந்து இருக்கு. புத்துல இருக்குற ஆளுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லன்னு அம்மாச்சிகிட்ட சொல்லிரு.

---

பள்ளத்தூர் ஆச்சி

சென்சாரு மேல ஒட்டுறதுக்குத் தனியா ஒரு பிளாஸ்டர் விக்கிது தாயி, என் மக சித்திரை வெயில்லயும் அதைப் போட்டு முழுசா ரெண்டு வாரம் ஓட்டுறா. கைக்கு உள்பக்கம் ஒட்டாத, பின்பக்கம் ஒட்டு, படுக்குறப்ப அழுத்தாத பக்கமா பாத்து. உனக்குத் தனியா மெசேஜ் போடுறேன், அம்மாகிட்டயும் நான் பேசுறேன்.